உங்களுக்குத் தெரியுமா? வசியத்துக்கு என்ன கட்டணம்?

மட்டக்களப்புப் பக்கம் போனால் வசியம் செய்து பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு உண்டு. கல்முனையும் அதில் அடக்கம். அது இன்று இருக்கும் அம்பாறை தனி மாவட்டமானதே 1961இல்தான். ஒட்டவைத்தது மந்திரமா, மாப்பிள்ளைக்குக் கிடைத்த வளவும் வயலுமா என்பது வேறு கதை.

மனவசியத்தால் ஆட்களை உறங்கவைத்துக் காசு பார்த்த முன்னோடிகளில் ஒருவர் கோவாக்காரர். 1756இல் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா, 1813இல் பாரிஸில் தலைக்கு 5 பிராங்க் வாங்கிக்கொண்டு செய்முறை வகுப்பு நடத்தத் தொடங்கினார். கூட்டம் குவிந்தது. ஒருநாள் ஒரு நடிகர் வந்து உறங்குவதுபோல் பாசாங்கு செய்துவிட்டு, "ஏமாற்றிவிட்டேன்" என்று கண்ணைத் திறந்தார். பிழைப்பு படுத்துவிட்டது. உறக்கம் வசியக்காரரின் சக்தியால் வருவதில்லை, உறங்குபவரின் மனத்தால்தான் வருகிறது என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர் ஃபாரியா. 1819இல் வறுமையில் இறந்தார்.

வங்காளத்தில் ஹூக்ளி இமாம்பாறா ஆஸ்பத்திரி. 1845 ஏப்ரல் 4ஆம் தேதி ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்கொட்லாந்து சத்திரசிகிச்சை மருத்துவர், விரைவீக்கத்தால் அவதிப்பட்ட ஒரு கைதியை வசியத்தில் ஆழ்த்திக் கத்தி வைத்தார். குளோரோபோம் வந்தது 1847இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். நோயாளியை மணிக்கணக்காகத் தடவிக்கொடுக்கும் வேலையைப் பிறகு உள்ளூர் உதவியாளர்களிடம் விட்டுவிட்டார். பெயர் துரைக்கு, கைவலி அவர்களுக்கு.

1928இல் கேரளத்திலிருந்து வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர் ஏ.ரி. கோவூர். பாதிரியாரின் மகன், பேயையும் நம்பவில்லை, சாமியாரையும் நம்பவில்லை. பேய் பிடித்ததாகக் கூட்டிவரப்பட்டவர்களை மனவசியத்தில் ஆழ்த்தி, பேச்சுக் கொடுத்து, உள்ளே கிடந்த பயத்தை வெளியே எடுத்தார். அப்படி அவர் பார்த்த ஒருவரின் கதை 1972இல் மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' படமானது. அடுத்த ஆண்டு தமிழில் 'மறுபிறவி'. 1963இல் அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டார். போட்டிக்கு வருபவர் 1,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். 1978இல் அவர் இறக்கும்வரை பரிசுப் பணம் யாருக்கும் போகவில்லை.

பிரித்தானியாவில் இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் ஹிப்னோதெரபிஸ்ட் (மனவசிய சிகிச்சையாளர்) என்று போர்டு மாட்டலாம். குறிப்பிட்ட பயிற்சி வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை.

கல்முனைக் கரையில் மனவசியத்தைத் தொழிலாக்க நினைப்பவருக்குப் போட்டி டொக்டர் அல்ல, தண்ணீர் ஓதிக் கொடுப்பவர்தான். அவர் பெரும்பாலும் விலை சொல்வதில்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்வார். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் எழுதிவைப்பவர் அவருக்குப் பக்கத்தில் கடை போட்டால் முதல் மாத வாடகையே கஷ்டம்.

வழி இல்லாமலும் இல்லை. வயிறு. பரிசோதனையில் எந்தக் கோளாறும் தெரியாமல் வயிற்றுவலி, உப்புசம், மலச்சிக்கல் என்று இழுக்கும் குடல் எரிச்சல் நோய்க்கு 12 மாதம் மருந்து கேட்காவிட்டால் மனவசிய சிகிச்சையையும் யோசிக்கலாம் என்று பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான 'நைஸ்' கூட 2008இல் வழிகாட்டியிருக்கிறது. முதலில் ஆஸ்பத்திரியில் காட்டி, வேறு நோய் இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகு.