தகடு வளைக்கும் அச்சுகளைத் தேர்ந்தெடுத்தல்

பெங்களூர் நகரின் வடமேற்கே, தும்கூர் சாலையை ஒட்டி அமைந்துள்ள பீன்யா தொழிற்பேட்டையில் சிறிதும் பெரிதுமாக ஆயிரக்கணக்கான தொழிற்கூடங்கள் இயங்கி வருகின்றன. 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸும் இந்நகரில் தோன்றியதன் பயனாக, அவற்றுக்குத் துணைப் பொருள்கள் செய்து தரும் சிறு தொழில்கள் பெருகின. மின்பலகைப் பெட்டிகள், இயந்திர உறைகள், மின்னணுக் கருவிகளின் கூடுகள் ஆகிய பலவும் தகட்டை வெட்டி, துளையிட்டு, மடித்துச் செய்யப்படுபவையே. மடிக்கும் வேலையைச் செய்வது பிரஸ் பிரேக் எனும் இயந்திரம். அதில் மேலே இருப்பது பஞ்ச். கீழே 'வி' வடிவப் பள்ளத்துடன் இருப்பது டை. இயந்திரம் வாங்கும்போது காட்டும் அக்கறையைப் பலர் இவ்விரு அச்சுகளை வாங்கும்போது காட்டுவதில்லை. ஆனால் பொருளின் அளவு சரியாக அமைவதும் பிழைபடுவதும் பெரும்பாலும் இவற்றைப் பொறுத்ததாகும்.

இன்று மிகுதியும் வழக்கிலுள்ளது காற்று மடிப்பு எனும் முறை. இதில் தகடு பள்ளத்தின் அடியைத் தொடுவதில்லை. பள்ளத்தின் இரு தோள்களிலும் பஞ்சின் நுனியிலும் மட்டுமே அது படிகிறது. ஆகவே மடிப்பின் உள்வளைவைப் பெரும்பாலும் பஞ்சின் நுனியன்று, பள்ளத்தின் அகலமே தீர்மானிக்கிறது. மென் எஃகில் உள்வளைவின் ஆரம் பள்ளத்தின் அகலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. துருப்பிடிக்காத எஃகில் ஐந்தில் ஒரு பங்கு. பள்ளத்தின் அகலம் தகட்டுக் கனத்தின் எட்டு மடங்கு இருக்கலாம் என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுவிதி. மெல்லிய தகடுகளுக்கு ஆறு மடங்கும், 10 மி.மீ.க்கு மேற்பட்ட கனத்துக்குப் பத்து அல்லது பன்னிரண்டு மடங்கும் கொள்வதுண்டு.

எடுத்துக்காட்டாக, 2 மி.மீ. மென் எஃகுத் தகட்டுக்கு 16 மி.மீ. பள்ளம் பொருத்தமானது. அதில் உள்ளாரம் சுமார் 2.5 மி.மீ. அமையும், ஒரு மீட்டர் நீளம் மடிக்க ஏறத்தாழ 17 டன் விசை வேண்டும். மடிக்கப்படும் விளிம்பு 12 மி.மீ.க்குக் குறைந்தால் தகடு தோளிலிருந்து நழுவிப் பள்ளத்துள் விழும். வரைபடம் தீட்டுவோர் 9 மி.மீ. விளிம்பு போட்டுவிட்டால், பட்டறையில் 12 மி.மீ. பள்ளத்துக்கு மாற வேண்டியதுதான். அப்போது விசை 22 டன்னுக்கு மேல் போகும்.

அதே 2 மி.மீ. கனத்தில், மக்கள் எவர்சில்வர் என்று வழங்கும் துருப்பிடிக்காத எஃகு வந்தால் நிலைமை வேறு. விசை ஒன்றரை மடங்காகிறது. 16 மி.மீ. பள்ளத்தில் இரண்டு மீட்டர் நீளத்தை மடிக்க 50 டன் வேண்டும். 40 டன் இயந்திரத்தால் அது இயலாது. 24 மி.மீ. பள்ளத்தை எடுத்தால் 34 டன்னில் வேலை முடியும். ஆனால் உள்ளாரம் ஏறத்தாழ 5 மி.மீ. ஆகிவிடும். 2.5 மி.மீ. ஆரத்துக்கெனக் கணக்கிட்டு வெட்டிய தகட்டை அவ்வாறு மடித்தால், ஒவ்வொரு மடிப்பிலும் சுமார் 1 மி.மீ. மிகையாக நிற்கும். மடிப்புகள் கூடக் கூடப் பிழையும் சேர்ந்துகொண்டே போகும், துளைகள் பொருந்தா. எனவே எந்தப் பள்ளம் என்பதை முடிவு செய்த பின்னரே தகட்டின் வெட்டு நீளத்தைக் கணக்கிட வேண்டும். பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாக நடப்பதே தகடு வீணாவதற்குக் காரணம் எனலாம்.

மடித்த தகடு விசை நீங்கியதும் சிறிது விரிந்து கொடுக்கும். மென் எஃகில் இது ஒரு பாகை அளவு; துருப்பிடிக்காத எஃகில் இரண்டு மூன்று பாகை. 90 பாகை மடிப்புக்கு 88 அல்லது 85 பாகை அச்சுகள் செய்யப்படுவது இதனாலேயே. தகட்டை உருட்டிய திசைக்குக் குறுக்காக மடித்தால் விரிசல் விடும் வாய்ப்பும் குறையும்.

பஞ்சின் வடிவம் வேலையைப் பொறுத்தது. இரு பக்கமும் விளிம்பு எழுந்த பெட்டியை மடிக்க, வாத்தின் கழுத்துப்போல் வளைந்த பஞ்ச் தேவை. கழுத்து வளைந்திருப்பதால் அது நேரான பஞ்சைவிடக் குறைந்த சுமையே தாங்கும். ஒவ்வொரு அச்சுக்கும் மீட்டருக்கு இத்தனை டன் என்று வரம்பு உண்டு. மீட்டருக்கு 100 டன் தாங்கும் அச்சின் 200 மி.மீ. துண்டு 20 டன் மட்டுமே தாங்கும். இதை மறந்து, குறுகிய துண்டின்மேல் இயந்திரத்தின் முழு விசையையும் செலுத்தினால், கடினப்படுத்திய அச்சு சிதறி இயக்குபவரைக் காயப்படுத்தக்கூடும். பட்டறையில் நேரும் இடர்களுள் இது சிறியதன்று.

விலை குறைந்த, நீண்ட அச்சை வாங்கித் துண்டுகளாக அறுத்துக்கொள்ளும் வழக்கமும் உள்ளது. ஒரே அளவான எளிய வேலைக்கு அது போதும். ஆனால் நுண்ணளவில் சாணை பிடித்த துண்டு அச்சுகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் உயரம் ஒத்திருக்கும். அறுத்த துண்டுகளில் அந்த உறுதி இல்லை. அச்சைப் பொருத்தும் முறைகளும் ஒன்றல்ல. ஐரோப்பிய, அமெரிக்கப் பிடிப்புகள் வேறுபடுவதால், ஏற்கெனவே உள்ள இயந்திரத்தின் பிடிப்பைப் பார்த்தே வாங்க வேண்டும்.

1962இல் செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் பெங்களூரில் தொடங்கப்பட்ட மத்திய உற்பத்தித் தொழில்நுட்பக் கழகமும், டென்மார்க் ஒத்துழைப்புடன் 1972இல் உருவான அரசுக் கருவிக்கூடப் பயிற்சி மையமும் இத்துறைக்கு அறிவும் ஆட்களும் அளித்து வந்துள்ளன. சிறுதொழிலுக்கான திட்ட அறிக்கைகளில் இயந்திரத்தின் விலையோடு அச்சுகளுக்கும் தனித்தொகை காட்டுவது நலம். 1 முதல் 3 மி.மீ. வரையிலான தகடுகளில் வேலை செய்யும் கூடத்துக்கு 8, 12, 16, 24 மி.மீ. பள்ளங்களும், நேரான பஞ்ச் ஒன்றும், வளைகழுத்துப் பஞ்ச் ஒன்றும் தொடக்கத்தில் போதும்.