பெட்டி பாடுகிறது, சபை ஆடுகிறது!

லண்டன் மாநகரின் தென்கிழக்குப் பகுதி. இரவு மணி 11. ஒரு பழைய மண்டபம். வெளியே நல்ல குளிர். வாசலில் நீண்ட வரிசை.

உள்ளே போனால் மேடை இல்லை. பாடகர் இல்லை. வாத்தியக்காரர்களும் இல்லை. வெளிச்சம்கூட ரொம்பக் குறைவு.

பின்னே என்னதான் இருக்கிறது? பெட்டிகள்!

பீரோ அளவுக்கு ஒரு பெட்டி. அதன் மேல் ஒரு பெட்டி. அதற்கும் மேல் ஒன்று. மூலைக்கு மூலை சுவர் எழுப்பியதுபோல அடுக்கி இருக்கிறார்கள். எல்லாம் ஒலிபெருக்கிகள். வந்தவர்கள் அவற்றைப் பார்த்தபடி நிற்கிறார்கள்.

ஓரத்தில் ஒரு மேஜை. அதன் பின்னால் ஒருவர். அவர் ஒரு இசைத்தட்டை எடுத்துச் சுழல விடுகிறார். முள் இறங்குகிறது.

"டும்!"

சத்தம் காதில் விழுந்ததா, நெஞ்சில் விழுந்ததா என்று தெரியவில்லை. போட்டிருக்கும் சட்டை நடுங்குகிறது. கால் தானாகவே அசைகிறது.

இந்தப் பெட்டி வரிசைக்குப் பெயர் "சவுண்டு சிஸ்டம்". கல்யாண வீட்டு மைக் செட்டுக்கு இது அண்ணன்! போடுகிற பாட்டு, ஜமைக்கா தீவில் பிறந்த ரெகே. அதிலும் "ரூட்ஸ்" ரெகே. "ரூட்ஸ்" என்றால் வேர்கள். ஏழ்மை, அடிமைப்பட்ட முன்னோரின் துயரம், ஆப்பிரிக்கத் தாய்நாடு, கடவுள் - இவற்றைப் பாடுகிற பாட்டு.

பாண்டுக்குப் பணம் இல்லை

இதன் கதை ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் தொடங்குகிறது.

1940-களின் கடைசி. பெரிய ஓட்டல்களில் பாண்டு வாத்தியம் முழங்கும். பணக்காரர்கள் ஆடுவார்கள். ஏழைகளுக்கு அங்கே இடம் ஏது? வீட்டில் ரேடியோகூட இருக்காது.

டாம் வோங் என்று ஒரு வியாபாரி இருந்தார். சீன வம்சாவளி. இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். ஹெட்லி ஜோன்ஸ் என்ற ரேடியோ நிபுணர் அவருக்கு ஒரு பெரிய ஒலிபெருக்கி செய்து கொடுத்தார். ஜோன்ஸ் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் ராடார் வேலை பார்த்தவர். போரில் கற்ற வித்தை ஆட்டத்துக்குப் பயன்பட்டது!

திறந்த வெளியில் பெட்டியை வைத்தார்கள். இசைத்தட்டைப் போட்டார்கள். ஜனங்கள் திரண்டார்கள். வாசலில் சிறு கட்டணம். உள்ளே பானமும் சாப்பாடும் விற்பனை. நல்ல வியாபாரம்!

சாப்பாட்டில் முக்கியமானது ஆட்டுக்கறிக் குழம்பு. அதை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனவர்கள் இந்தியர்கள். 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய குடும்பங்கள் அவை. இன்றும் ஆட்டம் நடக்கும் இடத்தில் அந்தக் குழம்பு மணப்பது உண்டு.

சுரண்டப்பட்ட லேபிள்

போட்டி வந்தது. டியூக் ரீட் என்பவர் முன்னாள் போலீஸ்காரர், மதுக்கடை முதலாளி. காக்சன் டாட் இளைஞர். அமெரிக்காவுக்கு விவசாய வேலைக்குப் போய், திரும்பும்போது இசைத்தட்டுகளோடு வந்தவர். எவரிடம் புதுப் பாட்டு இருக்கிறதோ, அவரிடம்தான் கூட்டம்.

அதனால் காக்சன் ஒரு தந்திரம் செய்தார். இசைத்தட்டின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டார். பாட்டின் பெயர் என்ன, வாசித்தவர் யார் என்று எவருக்கும் தெரியாது. வில்லிஸ் ஜாக்சன் என்ற அமெரிக்கரின் சாக்ஸபோன் இசைத்தட்டு ஒன்று இப்படி ஒளிந்திருந்தது. ரீட் விடவில்லை. தேடித் தேடி அதைப் பிடித்தார். காக்சன் இருக்கும்போதே போட்டுக் காட்டினார். காக்சன் மயங்கி விழாத குறைதானாம்!

பிறகு அமெரிக்காவில் பாட்டின் போக்கு மாறியது. ஜமைக்கா ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. "வெளியூர்ப் பாட்டு எதற்கு? நாமே செய்வோம்" என்று இருவரும் உள்ளூர்க் கலைஞர்களைப் பாட வைத்துப் பதிவு செய்தார்கள். 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி ஜமைக்கா விடுதலை பெற்றது. அப்போது ஸ்கா என்ற துள்ளல் இசை தெருவெங்கும் ஒலித்தது. அது வேகம் குறைந்து, 1968 வாக்கில் ரெகே ஆயிற்று.

ரிப்பேர்காரர் செய்த அதிசயம்

கிங்ஸ்டனில் ரேடியோ ரிப்பேர் செய்தவர் கிங் டப்பி. இயற்பெயர் ஆஸ்போர்ன் ரட்டாக். இவரும் ஒரு சவுண்டு சிஸ்டம் வைத்திருந்தார்.

பதிவான பாட்டில் இருந்து பாடகரின் குரலை இவர் எடுத்துவிடுவார். டிரம்மும் கனத்த பேஸ் கிதாரும் மட்டும் நிற்கும். திடீரென்று ஒரு சொல் தலைகாட்டும். எதிரொலியாகிக் கிணற்றுக்குள் போவதுபோல மறையும். இதற்கு "டப்" என்று பெயர். குரல் இல்லாத அந்த இடைவெளியில் யூ-ராய் என்பவர் மைக்கைப் பிடித்துத் தாளத்தோடு பேசினார். ஜனங்கள் கூத்தாடினார்கள்.

கிங் டப்பியை 1989-ல் அவர் வீட்டு வாசலில் எவனோ சுட்டுக் கொன்றான். அவர் காட்டிய வழியில்தான் இன்று உலகமெங்கும் பாட்டுகளைப் பிரித்துக் கோக்கிறார்கள்.

கதவு சாத்திய ஊரில்

1948-ல் "விண்ட்ரஷ்" கப்பல் ஜமைக்கா மக்களை இங்கிலாந்தில் கொண்டுவந்து இறக்கியது. தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். பஸ் ஓட்டினார்கள். ஆஸ்பத்திரிகளில் நர்சு வேலை பார்த்தார்கள். உழைப்பு வேண்டும், ஆனால் உழைத்தவர்களுக்கு வீடு கொடுக்கப் பலர் மறுத்தார்கள். நடன விடுதிகளிலும் கறுப்பர்களை உள்ளே விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கே போவது?

1955-ல் டியூக் வின் என்பவர் லண்டனில் முதல் சவுண்டு சிஸ்டம் அமைத்தார். வீட்டு நிலவறையில் பெட்டி வைத்து ஆடினார்கள். அக்கம்பக்கத்தார் புகார் செய்வார்கள், போலீஸ் வரும். அடுத்த வாரம் வேறு வீட்டில் பெட்டி இறங்கும்.

1981-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி, நியூ கிராஸ் பகுதியில் ஒரு சிறுமியின் பிறந்தநாள் விருந்து. விடியற்காலையில் வீடு தீப்பற்றியது. 13 இளம் உயிர்கள் மாண்டன. இனவெறியர்கள் வைத்த தீ என்று பலர் சந்தேகித்தார்கள். இருமுறை விசாரணை நடந்தும் தீ எப்படி வந்தது என்று முடிவாகவில்லை. எவர் மீதும் வழக்கு இல்லை. மார்ச் மாதம் ஆயிரக்கணக்கான மக்கள் லண்டன் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். பிள்ளைகளை ஆட்டத்துக்கு அனுப்பிவிட்டுத் தூங்காமல் காத்திருந்த தாய்மார்களின் பயத்தை எழுதி முடியாது.

அந்த வட்டாரத்தில் பெட்டி வைத்தவர்தான் ஜா ஷாகா. சிறு வயதில் ஜமைக்காவில் இருந்து வந்தவர். ஒரே ஒரு சுழல்தட்டு. தனி ஆளாக விடிய விடியப் போடுவார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மௌனம். பின் மறுபடி இடி! 2023-ல் அவர் இறந்தார். அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று பல நாடுகளில் பெட்டி அடுக்குகிறார்கள்.

"மறுபடியும் போடு!"

மண்டபத்தில் மணி 2. பாட்டு பிடித்துவிட்டால் கூட்டம் கூச்சலிடும், சுவரைத் தட்டும். உடனே முள்ளைத் தூக்கி, பாட்டை முதலில் இருந்து போட வேண்டும். இதுதான் மரியாதை. அது முடிந்ததும் தட்டைத் திருப்புவார். மறுபக்கத்தில் அதே பாட்டு, குரல் இல்லாமல்.

நொடிக்கு 40 தடவை அதிரும் கனத்த ஒலி அது. அதன் ஒரு அலையின் நீளம் 28 அடி! அதனால்தான் அவ்வளவு பெரிய பெட்டி. காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள்வது நல்லது. அனுபவசாலிகள் வைத்துக்கொள்கிறார்கள், வாலிபர்கள்தான் கேட்பதில்லை.

தலை நரைத்த பாட்டி ஒருத்தி கண்ணை மூடி ஆடுகிறாள். பக்கத்தில் வெள்ளைக்கார மாணவன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே இல்லை. இருவரும் பெட்டியைப் பார்த்து நிற்கிறார்கள்.

மணி 6. கடைசித் தட்டு முடிந்தது. விளக்கு எரிகிறது. எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கோட்டைத் தேடுகிறார்கள்.

பெட்டி தூக்கும் பையன்களுக்கு இனிமேல்தான் வேலை. ஒரு பெட்டிக்கு இரண்டு பேர். படியில் இறக்கி, பனியில் நனையாமல் போர்வை போர்த்தி, வேனில் ஏற்றுகிறார்கள்.

"மெதுவாடா, மூலை இடிக்கப் போகுது!" என்று உள்ளே இருந்து ஒரு குரல் கேட்கிறது.