அரசாங்க வக்கீல் யாருக்காகப் பேசுவார்?

அன்பான தோட்டக் குடும்பங்களே,

"கோட்டில அரசாங்க லோயர் நிக்கிறாரே, அவரு நமக்குத்தானே பேசுவாரு?" என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. இறக்காமத்தில் வயல் செய்பவருக்கும் காணிப் பிரச்சினை வந்தால் இதே கேள்விதான் எழும். பதிலைத் தெரிந்து வைத்திருப்போம்.

அரசாங்கத்தின் தலைமைச் சட்டத்தரணி சட்டமா அதிபர். அவருக்கு அடுத்தவர் சொலிசிட்டர் ஜெனரல். மன்றாடியார் நாயகம் என்றும் சொல்வார்கள். முக்கியமான வழக்குகளில் அரசாங்கத்துக்காக எழுந்து வாதாடும் மூத்த வக்கீல் இவர். இவருக்குக் கீழே பிரதி சொலிசிட்டர் ஜெனரல்களும் அரச சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1892 முதல் 1906 வரை இந்தப் பதவியில் இருந்தார்.

நம்ம சம்பளத்தையே பாருங்கள். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. அங்கே வர்த்தமானிக்காகப் பேச வேண்டியது அரச தரப்பு வக்கீல்கள். கம்பனிகள் கேட்ட இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 2024இல் 1,700 ரூபாய் வர்த்தமானிக்கோ, ஜூலை 4ஆம் திகதி உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. வக்கீல் வாதாடலாம், முடிவு சொல்வது நீதிபதிதான்.

அந்த வழக்குகளில் அரசாங்கமும் நாமும் ஒரே பக்கம். எப்போதும் அப்படி இருக்காது. பொலிஸ் அடித்தது, அரச அலுவலகத்தில் பாகுபாடு காட்டினார்கள் என்று நாம் அடிப்படை உரிமை வழக்குப் போட்டால், அதே அரச வக்கீல் எதிர்ப்பக்கம் நிற்கலாம். அதைத் துரோகம் என்று நினைக்க வேண்டாம். அது அவர் வேலை. ஆனாலும் எப்படியாவது வெல்வது அவர் கடமையல்ல. உண்மையை மறைக்காமல் நீதிமன்றத்துக்கு உதவ வேண்டும்.

ஆகவே நமக்கென்று ஒரு சட்டத்தரணி வேண்டும். வசதியில்லாதவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அடிப்படை உரிமை வழக்கை ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

"அடுத்த சம்பளம் வரட்டும், பார்ப்போம்" என்று இருந்தால் நாள் போய்விடும். நடந்ததைத் திகதியோடு எழுதி, துண்டுகளையும் கடிதங்களையும் பத்திரப்படுத்தி, உடனே போய்க் கேளுங்கள்.