இமை திறவாத விளக்கு

கச்சிராயபாளையத்தை விட்டு வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப்பாதை வளைவு மிகுந்தது. அந்தி சாய்ந்தபின் அவ்வழியே செல்வோர்க்கு வண்டியின் முகப்பு விளக்கே கண்ணாகும். அக்கண்ணுக்கு இமை அமைத்த கார்களும் உண்டு. பகலில் விளக்கு மூடிக்குள் மறைந்திருக்கும். விசையைத் தட்டின் மேலெழும். 1936ஆம் ஆண்டின் அமெரிக்கக் கார்ட் 810 வண்டியில் ஓட்டுபவரே கைப்பிடியைச் சுழற்றி அதனை எழுப்பினார். பின்னர் மின்மோட்டார் அவ்வேலையை ஏற்றது. வேலை எளிதாயிற்று, பழுதும் உடன்வந்தது.

இரு விளக்கும் எழாவிடின் முதற்கண் உருகியை, அதாவது பியூசை, நோக்குக. அது நன்றாயின் ரிலேயையும் சுவிட்சையும் ஆராய்க. ஒன்று மட்டும் எழாதெனின் குற்றம் அப்பக்கத்து மோட்டாரிலோ அதன் கம்பி இணைப்பிலோ இருத்தல் கூடும். பழைய வண்டிகளில் எர்த்துக் கம்பியின் முனை துருவேறி மின்னோட்டத்தைத் தடுப்பதுண்டு. தொழில் கற்றோருள்ளும் சிலர் இதனை மறந்து மோட்டாரையே மாற்றிப் பொருளிழப்பர். மோட்டார் ஒலித்தும் விளக்கு அசையாதாயின், பல்சக்கரம் தேய்ந்ததோ இணைப்புத் தண்டு கழன்றதோ எனப் பார்க்க. எழுந்தும் ஒளிராவிடின் பல்பையும் அதற்குரிய பியூசையும் காண்க.

மலைநடுவே இருள் சூழ்ந்துவிட்டால் என் செய்வது? பழைய மஸ்டா எம்.எக்ஸ்-5 போன்ற வண்டிகளில் மோட்டாரின்மேல், ரப்பர் மூடிக்கடியில், ஒரு திருகுகுமிழ் உண்டு. வண்டியை ஓரமாக நிறுத்தி, விளக்கை ஏற்றியிறக்கும் மோட்டாரின் பியூசை முதலில் கழற்றுக. இன்றேல் மூடி திடீரென இயங்கி விரலை நசுக்கும். பின்பு குமிழைத் திருகி விளக்கை முழுதும் உயர்த்துக. ஒளிக்குரிய பியூஸ் வேறாதலின் விளக்கு எரியும். கீழிறங்கிக் கள்ளக்குறிச்சியில் பழுது நீக்கும்வரை கழற்றிய பியூசை மீண்டும் பொருத்தற்க.