மீன் தொட்டியில் கங்கோங் கீரை: முதல் ஆறு வாரம் பொறுமை தேவை

செராஸ் தாமான் வீடுகள் பலவற்றில் பின்புறம் வெறும் சிமெண்டுத் தரைதான். அங்கும் தொட்டியில் திலாப்பியா மீனையும், அதன் மேல் கல் நிரப்பிய தட்டில் கங்கோங் கீரையையும் வளர்க்கலாம். இதற்குப் பெயர் அக்குவாபோனிக்ஸ்.

மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. கற்களில் படரும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு செடிக்கு உரமாகும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் தொட்டி நிறைய மீன் விட்டால், எல்லாம் செத்து மிதக்கும்.

குழாய் நீரின் குளோரின் நுண்ணுயிர்களையும் கொல்லும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம் என்பது ஐ.நா. உணவு, விவசாய நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டுக் கையேடு தரும் கணக்கு.

செடிக்குப் பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. அது நீரில் இறங்கி மீனைக் கொன்றுவிடும். மின்சாரம் நின்றால் மீன் மூச்சுத் திணறும் என்பதால், பேட்டரி காற்றுப் பம்பு கைவசம் இருக்கட்டும். மீன் உள்ள தொட்டியில் கொசுப் புழு தங்காது. பக்கத்து வாளியில் தேங்கும் நீரில்தான் ஏடிஸ் வளரும். அதை மூடி வைப்பது அண்டை வீட்டாருக்கும் பாதுகாப்பு.