கேபியின் ஃப்ரீசரில் என்ன இருக்கிறது?

ஃப்ரீசரைத் திறக்கிறார் மார்க் கெல்லி. உள்ளே நறுக்கிவைத்த மாம்பழம், கூடவே ஒரு டப்பா. அந்த டப்பாவில் இருப்பது அவருடைய மனைவியின் மண்டையோட்டுத் துண்டு! மனைவி கேபி கிஃபோர்ட்ஸ் அதே வீட்டில் சிரித்தபடி நடமாடிக்கொண்டிருக்கிறார். 2022-ல் வந்த 'கேபி கிஃபோர்ட்ஸ் வோன்ட் பேக் டவுன்' ஆவணப்படத்தில் இந்தக் காட்சி வந்ததும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். தலைக்காயத்தைப் பற்றிய படம் என்றாலே கைக்குட்டையோடு உட்காருகிறவர்கள் இந்த வீட்டுக்குள் கட்டாயம் எட்டிப் பார்க்க வேண்டும்.

முன்கதை கொடுமையானது. 2011 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசான் நகரில், ஒரு பல்பொருள் அங்காடி வாசலில் நாடாளுமன்ற உறுப்பினர் கேபி தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். அங்கே வந்த ஒருவன் சுட்டதில் 6 பேர் இறந்தார்கள். கேபியின் மூளையின் இடது பாதியைத் துளைத்துக்கொண்டு போனது தோட்டா. வீங்கும் மூளைக்கு இடம் வேண்டும் என்று மருத்துவர்கள் எடுத்த எலும்புதான் படத்தில் அந்த ஃப்ரீசரில் இருந்தது. மார்க் அப்போது விண்வெளி வீரர். ஹூஸ்டனிலிருந்து விமானத்தில் விரைந்து வந்துகொண்டிருந்தவரின் காதில், மனைவி இறந்துவிட்டார் என்ற பொய்ச் செய்தி வேறு விழுந்தது.

உயிர் தப்பிய கேபிக்கு வலது கையும் காலும் ஒத்துழைக்கவில்லை. சொல்ல நினைப்பது உள்ளே தெளிவாக இருக்கும். சொல்தான் வெளியே வராது. மருத்துவர்கள் இதை அஃபேசியா என்கிறார்கள்.

இனிமேல்தான் அற்புதமெல்லாம்! சிகிச்சையின் ஆரம்ப நாட்களிலிருந்தே மார்க் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். மொட்டைத் தலையும் தையல் தழும்புமாக மனைவி படுத்திருக்கும்போது கேமராவைத் தூக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! இவள் எழுந்து வருவாள், எங்கிருந்து வந்தோம் என்று ஒருநாள் பார்க்க ஆசைப்படுவாள் என்று அவர் நினைத்திருந்தார். அந்தப் பதிவுகளில் ஒரு கட்டத்தில் எதைக் கேட்டாலும் கேபியின் வாயிலிருந்து 'சிக்கன்' என்ற சொல்தான் வருகிறது. நாக்கில் ஒட்டிக்கொண்ட ஒரு சொல் மற்ற எதையும் வரவிடாமல் மறிப்பது இந்தக் காயத்தின் குணம். தவறாகச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரிகிறது. ஒருநாள் தாங்காமல் தேம்பி அழுகிறார், பயிற்சியாளர் கட்டியணைத்துக்கொள்கிறார். நானும் அங்கே படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

அப்புறம் பாட்டு வருகிறது! ஹூஸ்டன் மறுவாழ்வு மருத்துவமனையில் இசை சிகிச்சையாளர் மேகன் மாரோ ஒரு வரியைப் பாடிக் கடைசிச் சொல்லை விட்டுவிடுகிறார். பேச்சில் வராத அந்தச் சொல் ராகத்தோடு கேபியிடமிருந்து வந்து விழுகிறது. 'கேர்ள்ஸ் ஜஸ்ட் வான்ட் டு ஹேவ் ஃபன்' வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை நடத்துவது மூளையின் இடப்பக்கம். பாட்டில் வலப்பக்கமும் சேர்ந்துகொள்கிறது. பிரதான சாலை உடைந்தாலும் சந்து வழியாக ஊருக்குள் போய்ச் சேர்வது மாதிரி. மெட்டுப் போட்டுப் பேசவைக்கும் இந்த முறையை 1973-லேயே பாஸ்டனில் வகுத்துவிட்டார்கள்.

மார்க் தலைமையேற்க வேண்டிய விண்வெளிப் பயணமும் அதே 2011-ல்தான். மனைவி இந்த நிலையில் இருக்கும்போது போவதா என்று தவித்து, கடைசியில் போனார். கேபியின் மோதிரத்தை அவர் எடுத்துக்கொள்ள, அவருடைய மோதிரம் கேபியின் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. மே 16 அன்று எண்டெவர் விண்கலத்தின் கடைசிப் பயணம் கிளம்பியதைக் கேபி ஃபுளோரிடாவிலேயே இருந்து பார்த்தார். மே 18 அன்று விண்கலம் விண்வெளி நிலையத்தோடு இணைந்தது. அதே நாளில் ஹூஸ்டனில் கேபியின் தலையில் அளவெடுத்துச் செய்த செயற்கை ஓடு பொருத்தப்பட்டது! அந்தத் தேதியை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. ஆகஸ்ட் 1 அன்று கேபி நாடாளுமன்றத்துக்கே வந்து வாக்களித்தார். மொத்த அவையும் எழுந்து நின்று கைதட்டியது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. சிறுவயதில் கேபி பிரெஞ்சு ஹார்ன் வாசித்தவர். பித்தளைக் காற்றுக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு விசையை அழுத்த வலது கை வேண்டும். பிரெஞ்சு ஹார்னுக்கோ இடது கை! அதனால் அதை மறுபடி எடுக்க முடிந்தது. 2020 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அதை வாசித்துவிட்டு, சொல் சொல்லாகப் பழகிய உரையையும் நிகழ்த்தினார். அதே ஆண்டு மார்க் செனட்டர் ஆனார்.

நம் ஊரில் தலைக்காயத்துக்கு முதல் காரணம் சாலை விபத்து. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் சொல் வராமல் திணறினால், தயவுசெய்து அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். நேரம் கொடுங்கள். அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டுக் கூடவே பாடுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் போவதைச் சில மாதங்களில் நிறுத்திவிடாதீர்கள். கேபி பத்தாண்டு கடந்த பிறகும் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்.