கரண்ட் போச்சு, ஜப்பான் வந்தது!



"ராத்திரியில உங்க வீட்டுல டிட் டா, டிட் டான்னு என்னம்மா சத்தம்?" என்று எங்கள் ஜெகதளாவில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

2009 நவம்பரில் நீலகிரியில் பெரிய நிலச்சரிவு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஆறே மாதம். ரோடும் இல்லை, போனும் இல்லை. அம்மா வீட்டில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமல் மூன்று நாள் தவித்தேன். பிறகு ஒருநாள், ஹாம் ரேடியோ வைத்திருந்த அரவங்காட்டுப் பெரியவர் ஒருவர், 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் இருந்த பாரதி பிரசாத் என்ற பெண், தன் ரேடியோ மூலம் வெளியுலகத்துக்குச் செய்தி அனுப்பியதைச் சொன்னார். அது மனசில் ஒட்டிக்கொண்டது.

நான் பத்தாவதுதான். ஆனாலும் அவரிடமே கற்றுக்கொண்டு, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு பரீட்சை எழுதினேன். ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை மோர்ஸ் தெரிய வேண்டும். பஸ்ஸில் போகும்போது கடை போர்டுகளை எல்லாம் 'டிட் டா'வாகப் படித்துப் படித்துத்தான் பாஸ் செய்தேன்.

'சிக்யூ வேர்ல்ட் வைட்' என்று ஒரு போட்டி 1948 முதல் நடக்கிறது. மோர்ஸ் போட்டி நவம்பர் கடைசியில் வரும். நம் நேரப்படி சனி காலை 5.30-க்கு ஆரம்பித்து 48 மணி நேரம். ஒருவர் அழைப்புக் குறியை ஒருவர் சரியாக வாங்கி, '599 22' என்று சொன்னால் போதும். 22 என்பது நம் இந்தியா இருக்கும் மண்டலம். நான் 40 மீட்டர் அலைவரிசையில் மட்டும் கலந்துகொண்டேன். அதற்கு 20 மீட்டர் கம்பி போதும். இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கட்டிவிட்டோம். இந்த மாதிரி கீழ் அலைவரிசைகள் பகலில் அதிக தூரம் போகாது, இருட்டினால்தான் உயிர் வரும். வீட்டு வேலை முடிந்து உட்காரும் நமக்கென்றே வைத்தது போல!

வேகம்தான் பயம். பரீட்சைக்கு 8 வார்த்தை, போட்டியில் அடிப்பவர்களோ 25, 30! ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒருவர் திரும்பத் திரும்பத் தன் குறியைத்தானே அடிக்கிறார்? முதல் தடவை இரண்டு எழுத்து, அடுத்த தடவை மீதி என்று எழுதிக்கொண்டு, முழுசாகத் தெரிந்த பிறகே கூப்பிடுவேன்.

சனிக்கிழமை ஏழரை மணி. ஹாலில் அத்தை சீரியல் பார்க்கிறார். என் ஹெட்போனில் ஒரே 'கொர்ர்'. எல்.இ.டி. பல்பும் டி.வி.யும் சேர்ந்து போடும் இரைச்சல். அரை மணியாக ஒருத்தரும் கிடைக்கவில்லை. "தேவையா இந்த வேலை?" என்று அத்தை முணுமுணுத்தது மட்டும் நன்றாகக் கேட்டது. அழுகை முட்டியது.

அந்த நேரம் பார்த்து ஊர் முழுக்கக் கரண்ட் போச்சு. "அடக் கடவுளே, நல்ல இடத்துல!" என்று அத்தை கத்துகிறார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் ரேடியோ ஓடுவது கார் பாட்டரியில். இரைச்சல் துடைத்துவிட்டாற்போல் போய், எங்கோ அடிக்கும் மின்னலின் 'சட் சட்'டுக்கு நடுவே மணி மாதிரி ஒரு குரல். ஜப்பான்! என் பத்து வாட்டை நம்பிக் கூப்பிட்டேன். கடைசி எழுத்தைத் தப்பாக வாங்கினார். திருத்தி அனுப்பினேன். மறுபடி தப்பு. மூன்றாவது தடவை சரியாகச் சொல்லி 'நன்றி' அடித்தார்.

இருட்டில் அத்தை பக்கத்தில் வந்து நிற்பதே தெரியவில்லை. "யாருடி அது?"

"ஜப்பான் அத்தை."

"நீ பொம்பளைன்னு அவனுக்குத் தெரியுமா?"

தெரியாது. ஹாம் வழக்கத்தில் ஆண்களை 'கிழவரே' என்றும், பெண் எந்த வயசானாலும் 'இளம்பெண்' என்றும் சொல்வார்கள். போட்டி அவசரத்தில் அதற்கும் நேரமில்லை. இதைச் சொன்னதும், "அப்ப நானும் இளம்பெண்ணா?" என்று அத்தை சிரித்த சிரிப்பு!

எட்டே காலுக்குக் கரண்ட் வந்தது. கூடவே அந்த 'கொர்ர்'. என் முகத்தைப் பார்த்த அத்தை, ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் ஹால் லைட்டையும் டி.வி.யையும் நிறுத்திவிட்டு வந்தார்.

திங்கள் காலை வரை மொத்தம் 34 பேர். ஜப்பானும் ஆசியா என்பதால் அந்தத் தொடர்புக்கு ஒரே ஒரு புள்ளிதான். ஐரோப்பா என்றால் மூன்று. இருந்தாலும் நோட்டில் அந்த வரியைத்தான் வீட்டுக்காரரிடம் முதலில் காட்டினேன். பக்கத்து வீட்டு வராந்தா பல்புக்கு என்ன செய்வது என்றுதான் இப்போது அத்தையும் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

- ஒரு வாசகி, ஜெகதளா.